மூட்டு மாறிய கதை – 17: எத்தனை அங்குலம்?

இதுவரை: 1890-ல் பெர்லினில் தெமிஸ்டோக்லிஸ் குளுக் யானைத் தந்தத்தில் கீல் செய்து, காசநோய் அரித்த முழங்காலுக்குள் பொருத்தினார். சீழ் வைத்து அந்த முயற்சி முடிந்தது. 1968-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் கீலையே ஒதுக்கிவிட்டு, பாலிஎத்திலீன் மேல் உலோகம் உருளும் மூட்டைப் பொருத்தினார். 1974-ல் நியூயார்க்கின் ஹாஸ்பிடல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத், பொறியாளர் பீட்டர் வாக்கர் ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய ‘டோட்டல் காண்டிலர்’ முழங்கால் வந்தது. பதினைந்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது பத்தில் ஒன்பதுக்கு மேல் இன்னும் உழைத்துக்கொண்டிருந்தன.

மூட்டு பிழைத்துவிட்டது. அதைப் பொருத்திக்கொண்டவர் பட்ட பாட்டைப் பற்றி அதுவரை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சில்லைப் புரட்டிய காலம்

1980-களில் ஒரு முழங்கால் மாற்று எப்படி நடந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம். பின்னால் வரப்போகும் சண்டை எல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

தொடையில் பட்டை கட்டிக் காற்றேற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தியிருப்பார்கள். முழங்கால் சில்லுக்கு நான்கு விரற்கடை மேலே கத்தி இறங்கும். நேராகச் சில்லின் மேல் ஏறி இறங்கி, கீழே முன்கால் எலும்பில் கைக்குத் தட்டுப்படும் அந்த மேட்டருகே நிற்கும். எட்டு அங்குலம், பத்து அங்குலம். கால் பருமனாக இருந்தால் இன்னும் நீளும்.

தோலோடு முடிந்தால் பரவாயில்லை. அதற்குக் கீழே இரண்டாவது வெட்டு இருக்கிறது.

தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் இறங்கி வருகின்றன. நான்கும் சில்லுக்கு மேலே ஒரே தடித்த நாணாகச் சேர்ந்து, சில்லைத் தன்னுள் பொதிந்துகொண்டு, முன்கால் எலும்பில் போய்ப் பிடிக்கின்றன. நாற்காலியிலிருந்து எழுவதும், படியேறுவதும், படுத்தபடி காலைத் தூக்குவதும் இந்தத் தசைக்கூட்டம் இழுப்பதால்தான். அறுவை மருத்துவர் அந்த நாணை உட்புறமாக நீளவாக்கில் பிளப்பார். பிளவு சில்லின் உள்விளிம்பைச் சுற்றிக் கீழே இறங்கும். பிறகு சில்லைப் பிடித்து வெளிப்பக்கமாகப் புரட்டிப் போடுவார். தொடை எலும்பை உரசிக்கொண்டிருந்த வழுவழுப்பான பக்கம் இப்போது தியேட்டரின் கூரையைப் பார்த்துக் கிடக்கும்.

காலை மடக்கி, முன்கால் எலும்பை முன்னுக்கு இழுத்தால் மொத்த மூட்டும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். தேய்ந்த இடம், முள் போல வளர்ந்த எலும்பு, பின்புற மூலை என எதுவும் மறைவில்லை. ரம்பத்தை வைக்கிற இடமும் கண்ணில் படும், அது போய் நிற்கிற இடமும் படும்.

இந்த வழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வகுத்துக் கொடுத்தவர் பெர்லினின் பெர்ன்ஹார்ட் ஃபான் லாங்கன்பெக். நம் குளுக்கின் ஆசான்களில் ஒருவர். மூட்டு மாறியது, உலோகம் மாறியது, மயக்க மருந்து மாறியது. உள்ளே போகும் பாதை மட்டும் சிறு திருத்தங்களோடு நூறாண்டு அப்படியே இருந்தது.

அறுவை மருத்துவர்களுக்கு அதில் குறை தெரியவில்லை. காயம் ஆறுவது குறுக்குவாக்கில், நீளவாக்கில் அல்ல. ஆகவே நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதே, நன்றாகத் திறந்து நன்றாகப் பார் என்றுதான் ஆசிரியர் மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாடத்தில் பொய் இல்லை.

ஆனால் அறுவை முடிந்த மறுநாள் பிசியோதெரபி செய்பவர் கட்டிலருகே வந்து, “காலை மடக்காமல் அப்படியே தூக்குங்க” என்பார். கால் அசையாது. மூளை உத்தரவு போடுகிறது, தசை கேட்பதில்லை. பிளந்து தைத்த நாண், புரட்டி வைக்கப்பட்ட சில்லு, வீக்கம், எல்லாவற்றுக்கும் மேலே வலி. படுக்கையில் பல நாள், வாக்கரில் பல வாரம். முட்டி சரியாகிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்ன பிறகும் படியேற மாதங்கள் ஆயின.

சாவித்துளைக்குள் போகாத மூட்டு

இதே காலத்தில் வயிற்று அறுவையில் ஒரு புரட்சி நடந்தது. 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுத்தார். சில ஆண்டுகளுக்குள் உலகமே அந்த முறைக்கு மாறியது. வயிற்றைக் கிழித்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்த நோயாளி, மறுநாளே வீட்டுக்குப் போனார்.

முழங்காலுக்கும் துளைக் கருவி உண்டு. சொல்லப்போனால், மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதில் எல்லோருக்கும் மூத்தது முழங்கால்தான். 1918-லேயே டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைச் சடலத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய சீடர் மசாகி வதனாபே ‘எண் 21’ என்ற கருவியால் அதை அன்றாட வேலையாக்கினார். கிழிந்த சவ்வை வெட்டி எடுக்க அது போதும்.

மூட்டையே மாற்ற அது போதாது. தொடை எலும்பின் முனைக்கு மாட்டும் உலோகக் கவசம் குறுக்கே ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். முன்கால் எலும்பின் தலையில் உட்காரும் தட்டும் ஏறக்குறைய அவ்வளவு. துளை வழியே அதை நுழைக்க முடியாது. ‘சாவித்துளை முட்டி மாற்று’ என்று இன்றும் நம்மூரில் பேச்சு வழக்கில் சொல்கிறோம். அப்படி ஒன்று கிடையாது. இந்தக் கதையில் வருவதெல்லாம் கீறல்தான், சற்றே குட்டையான கீறல்.

எவ்வளவு குட்டை? அந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர்களில் ஒருவர், அதற்கு முன்பு பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர்.

பஃபலோவின் பல் டாக்டர்

ஜான் ரெபிச்சி, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தவர். பல் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய பிறகு எலும்பு மருத்துவத்துக்கு வந்தவர். சிறிய வாய்க்குள், குறைந்த வெளிச்சத்தில், அதிவேகத் துரப்பணத்தைப் பிடித்து வேலை செய்து பழகிய கை அவருடையது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அவருக்கு இந்த யோசனை வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1990-களின் தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொண்டது முழு முட்டி அல்ல, பாதி முட்டி. தேய்மானம் பெரும்பாலானோருக்கு உள்பக்கத்தில்தான் தொடங்குகிறது. வெளிப்பக்கம் நன்றாக இருக்கும்போது அதையும் ஏன் வெட்டிப் போட வேண்டும்? உள்பக்கத்தை மட்டும் மாற்றும் முறையை 1970-களிலேயே அமெரிக்காவில் லியோனார்ட் மார்மோர் செய்து காட்டியிருந்தார். ஆனால் அதற்கும் பழைய பெரிய கீறலையே போட்டார்கள்.

ரெபிச்சி போட்டது மூன்று அங்குலம். நாணைப் பிளக்கவில்லை. சில்லைப் புரட்டவில்லை, ஓரமாக ஒதுக்கினார், அவ்வளவுதான். பல் சொத்தையைக் குடைவதுபோல எலும்பைச் சிறு துரப்பணத்தால் குடைந்து, அந்தக் குழிக்குள் பாலிஎத்திலீன் துண்டைச் சிமென்ட் வைத்துப் பதித்தார். அவருடைய நோயாளிகள் பெரும்பாலோர் ஒரு நாளுக்குள் வீடு திரும்பினார்கள்.

இன்னொன்றும் சொன்னார். இது முழு மாற்றுக்குப் பதில் அல்ல, முழு மாற்றைச் சில ஆண்டு தள்ளிப்போடும் வழி. பல்லை எடுப்பதற்கு முன்னால் அடைத்துப் பார்க்கிற புத்தி அது. இந்த அடக்கமான வாதம் பிற்பாடு வந்த விளம்பரங்களில் காணாமல் போயிற்று.

இரண்டு ஜான்கள்

அட்லாண்டிக்கின் இந்தப் பக்கம், ஆக்ஸ்ஃபோர்டில் வேறு வகை மனிதர்கள் இதே இடத்துக்கு மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள். எலும்பு மருத்துவர் ஜான் குட்ஃபெல்லோ, பொறியியல் ஆசிரியர் ஜான் ஓகானர். 1974-ல் இருவரும் சேர்ந்து, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே எதிலும் ஒட்டாமல் சறுக்கும் ஒரு பாலிஎத்திலீன் துண்டை வடிவமைத்தார்கள். முழங்காலுக்குள் இயற்கை வைத்த பிறை வடிவச் சவ்வு செய்யும் வேலையை அது செய்தது. 1976-ல் முதல் நோயாளி. முதலில் முட்டியின் இரு பக்கத்துக்கும் பொருத்தினார்கள். 1982-லிருந்து உள்பக்கத்துக்கு மட்டும்.

வெட்டி எடுத்த எலும்புத் துண்டுகளை அவர்கள் குப்பையில் போடவில்லை, பார்த்தார்கள். நடுவில் உள்ள குறுக்குப் பிணையம் அறுபடாத முட்டிகளில் தேய்மானம் எப்போதும் உள்பக்கத்தின் முன்பகுதியில் மட்டும் இருந்தது. பின்பகுதிக் குருத்தெலும்பு அப்படியே இருந்தது. யாருக்குப் பாதி மாற்று போதும், யாருக்குப் போதாது என்பதற்கு இது தெளிவான அடையாளம். 1991-ல் இதை அச்சில் கொண்டுவந்தார்கள்.

1998-ல் மூன்றாம் தலைமுறை ஆக்ஸ்ஃபோர்ட் முட்டி வந்தது. மூட்டில் பெரிய மாற்றமில்லை. மாறியது கருவிகள். குட்டைக் கீறலுக்குள் போய் வேலை செய்வதற்கென்றே அவை சிறிதாக்கப்பட்டிருந்தன. 2001-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு எல்லோரையும் நிமிர வைத்தது. சிறு கீறல் வழியே பாதி மாற்று செய்துகொண்டவர்கள், பெரிய கீறலில் அதே பாதி மாற்று செய்துகொண்டவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தேறினார்கள். முழு மாற்று செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு வேகம்.

அதே ஆண்டு சுவீடனிலிருந்து ஓர் எச்சரிக்கையும் வந்தது. 1975-லிருந்து நாட்டில் நடக்கும் முழங்கால் மாற்றுகளைப் பதிவுசெய்து வைத்திருப்பவர்கள் அவர்கள். இந்தப் பாதி முட்டியை எப்போதாவது ஒன்றிரண்டு செய்யும் மருத்துவமனைகளில் மறு அறுவை அதிகம், அடிக்கடி செய்யும் இடங்களில் குறைவு என்று பதிவேடு காட்டியது. கைப்பழக்கம் கேட்கும் வேலை இது என்று அர்த்தம்.

அந்த எச்சரிக்கை யார் காதிலும் ஏறவில்லை. எல்லோருடைய கண்ணும் அடுத்த கட்டத்தில் இருந்தது.

பாதியிலிருந்து முழுமைக்கு

பாதி முட்டியைச் சிறு கீறலில் மாற்ற முடியுமென்றால், முழு முட்டியை ஏன் முடியாது?

நியூஜெர்சியில் ஆல்ஃபிரட் டிரியா சிறு கீறலில் பாதி முட்டி செய்து பழகியவர். அதே வாசல் வழியே முழு முட்டியையும் நுழைத்துப் பார்த்தார். 2003-ல் தாமஸ் கூனுடன் சேர்ந்து தன் தொடக்க அனுபவத்தை எழுதினார். சில்லின் மேல் விளிம்பிலிருந்து மூட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழ் வரை ஏறக்குறைய நான்கு அங்குலம். நாணை மேல்நோக்கிப் பிளப்பதில்லை. அந்த வழிக்கு ‘தொடைத்தசையைக் காக்கும் முறை’ என்று பெயர் வந்தது. வழக்கமாக முன்னாலிருந்து வைக்கும் வெட்டு அச்சுகளை வைக்க இடமில்லாததால், பக்கவாட்டிலிருந்து வெட்டும் அச்சுகள் வந்தன.

இல்லினாய் மாநிலத்தின் எஃபிங்கம் என்ற சிற்றூரில் பீட்டர் பொனுட்டி இன்னொரு தந்திரம் செய்தார். காலை மேசையில் கிடத்தாமல், தொடையைத் தாங்கி முழங்காலுக்குக் கீழ்ப் பகுதியைத் தொங்க விட்டார். காலின் எடையே மூட்டை விரித்துக் கொடுத்தது.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு வித்தை உண்டு. தியேட்டர் பேச்சில் அதன் பெயர் ‘நகரும் ஜன்னல்’. தோலின் கீறல் ஓர் இடத்தில் நிலையாக நிற்பதில்லை. காலை மடக்கினால் ஓர் இடம் தெரியும், நீட்டினால் வேறோர் இடம் தெரியும். மேல்பக்கத்தை உதவியாளர் கொக்கியால் இழுக்கும்போது கீழ்ப்பக்கத்தைத் தளர்த்திவிட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால் தோல் கிழியும். மொத்த மூட்டையும் எந்தக் கணத்திலும் பார்க்க முடியாது. துண்டு துண்டாகப் பார்த்து, மனதுக்குள் ஒட்ட வைத்து, வெட்ட வேண்டும்.

இதில் எல்லோரும் பார்த்தும் பேசாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. பொருத்த வேண்டிய உலோகம் சிறுக்கவில்லை. பீரோ அதே பீரோ, வாசலைத்தான் குறுக்கினார்கள்.

விற்பனைக்கு வந்த அங்குலம்

2002-லிருந்து நான்கைந்து ஆண்டுகள் அமெரிக்காவில் இது ஒரு காய்ச்சலாகவே அடித்தது. மூட்டு தயாரிக்கும் நிறுவனங்கள் குட்டைக் கருவிப் பெட்டிகளை இறக்கின. மருத்துவர்களை அழைத்துச் சடலத்தின் முட்டியில் பயிற்சி கொடுத்தன. மருத்துவமனைகள் விளம்பரம் செய்தன.

ஒரு புது மாத்திரை சந்தைக்கு வர வேண்டுமென்றால் வருடக்கணக்கில் மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும். ஒரு புதுக் கீறலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கத்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்பது மருத்துவரின் விருப்பம். அமெரிக்க உணவு மருந்துத் துறை அதில் தலையிடுவதில்லை. ஆகவே ஆய்வு முடிவு வருவதற்கு முன்னால் விளம்பரம் வந்தது.

நோயாளி என்ன கேட்பார்? பாலிஎத்திலீனின் தரத்தையோ, எலும்பை வெட்டும் கோணத்தையோ அவரால் அளக்க முடியாது. தழும்பை அளக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து அங்குலம், எனக்கு நான்கு அங்குலம். எத்தனை அங்குலம் என்ற கேள்வி மருத்துவரின் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. போட்டியில் பின்தங்க விரும்பாத மருத்துவர், தன் கைக்குப் பழகாத ஜன்னலுக்குள் தலையைக் கொடுத்தார்.

இந்தியாவில் முட்டி மாற்று என்ற சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்ததும் ஏறக்குறைய இதே காலம்தான். 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்கால் மாற்றப்பட்டது. 2001 ஜூனில் வலது. செய்தவர், டோட்டல் காண்டிலர் குழுவில் நாம் சந்தித்த அதே ரணாவத். பிரதமரே செய்துகொண்டார் என்பது பல தாத்தா பாட்டிகளின் பயத்தைத் தீர்த்தது. கொஞ்ச காலத்தில் நம் ஊர்ச் சாலையோரப் பலகைகளிலும் ‘சிறு கீறல்’ வந்து ஏறியது.

சியோலின் நூற்றிருபது பேர்

எது உண்மை என்று அறிய நேர்மையான வழி எது? ஒருவருக்குப் பெரிய கீறல், இன்னொருவருக்குச் சிறிய கீறல் என்று ஒப்பிட்டால் வயது, எடை, மனத்தெம்பு எல்லாம் குறுக்கே வரும். சிறு கீறலுக்கு ஒல்லியானவரையும் துடிப்பானவரையும் பொறுக்கி எடுத்துவிட்டால் கணக்கே கோணிவிடும்.

கொரியாவின் யங்-ஹூ கிம்மும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரண்டு முட்டியும் தேய்ந்தவர்கள் 120 பேர். ஒரே மயக்கத்தில் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒரு முட்டிக்குத் தசையைக் காக்கும் சிறு கீறல், மறு முட்டிக்கு வழக்கமான கீறல். வயதும் எடையும் வலி தாங்கும் சுபாவமும் ஒன்றே, ஏனென்றால் ஆள் ஒருவரே.

2007-ல் முடிவு வந்தது. சிறு கீறல் முட்டி அதிகம் வளையவில்லை, கூடுதல் பலனும் தரவில்லை. அறுவை நேரம் மட்டும் கூடியது. சிக்கல்களும் கூடின.

இதற்கு முன்பே 2005-ல் அமெரிக்காவின் டலூரி, டென்னிஸ் இருவரும், குட்டைக் கீறலில் மூட்டு கோணல்மாணலாக உட்காரும் அபாயம் கூடுகிறது என்று எழுதியிருந்தார்கள். இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு கோடு இழுத்தால் அது முழங்காலின் நடுவே போக வேண்டும். மூன்று பாகைக்குள் பிசகினால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய கணக்கு. அதற்கு மேல் சாய்ந்தால் பாரம் ஒரு பக்கமே விழுந்து, சிமென்ட் விட்டுப்போகும் என்று அஞ்சினார்கள்.

2009-ல் ராபர்ட் பாரக் குழுவினர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்கள். மூன்று மையங்களில் முதல்முறையாக மறு அறுவைக்கு வந்த 237 பேரை எடுத்து, முதல் அறுவை எப்படி நடந்தது என்று விசாரித்தார்கள். அவர்களில் 44 பேர் சிறு கீறல்காரர்கள். வழக்கமான முறையில் செய்துகொண்டவர்கள் மறு அறுவைக்கு வரச் சராசரியாக 80 மாதம் ஆகியிருந்தது. சிறு கீறலில் செய்துகொண்டவர்கள் சராசரியாக 15 மாதத்தில் திரும்பி வந்துவிட்டார்கள்.

கீறல் சிறுத்ததால் நேர்ந்த சின்னச் சின்ன அவலங்களும் வெளியே வந்தன. இழுத்து இழுத்து நைந்த தோல் விளிம்பு. கண்ணுக்குத் தெரியாத பின்மூலையில் துடைக்கப்படாமல் இறுகிப்போன சிமென்ட். குட்டை வாசலுக்காகவே அடித்தண்டைச் சுருக்கிச் செய்த ஒரு முன்கால் தட்டைப் பற்றி, தளர்ந்துபோகும் புகார்களையடுத்து 2010-ல் சிம்மர் நிறுவனம் மருத்துவர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டிவந்தது.

மேயோவில் பிரித்துப் பார்த்தது

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2006-ல் மேயோ கிளினிக்கின் மார்க் பக்னானோவும் சகாக்களும் செய்த எளிய வேலை. எல்லோரும் ‘தொடைத்தசையைக் காக்கும் முறை’ என்கிறார்களே, அந்தத் தசை சரியாக எங்கே முடிகிறது?

பார்த்தார்கள். தொடையின் உட்புறத் தசை சில்லின் மேல் விளிம்போடு நின்றுவிடுவதில்லை. சில்லின் பாதி உயரம் வரை இறங்கிவந்து ஒட்டுகிறது. சில்லின் மேல் விளிம்பு வரை கீறினாலே அதன் ஒரு பகுதி அறுந்துவிடும். தசையைக் காப்பதாகப் பெயர் சூட்டிக்கொண்ட கீறல், பெரும்பாலும் தசையை வெட்டிக்கொண்டுதான் இருந்தது!

நடக்க வைத்தது எது?

அப்படியென்றால் மறுநாளே எழுந்து நடந்தவர்கள் எல்லோரும் பொய்யா?

இல்லை. அவர்கள் உண்மையாகவே நடந்தார்கள். சிகாகோ ரஷ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பெர்கர் 2005-ல் எழுதிய கணக்கில், முழு முட்டி மாற்றிக்கொண்ட 50 பேரில் 48 பேர் அன்று மாலையே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர் போட்டதும் சிறு கீறல்தான். கட்டுரையைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். நோயாளிகள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அறுவைக்கு முன்பே அவர்களுக்கு வகுப்பு நடந்திருக்கிறது. வலி வருவதற்கு முன்னாலேயே வலி மருந்து தொடங்கியிருக்கிறது. முழு மயக்கத்துக்குப் பதில் முதுகில் ஊசி. அன்றைக்கே பிசியோதெரபி.

நடக்க வைத்தது கத்தியா, ஊசியா?

டென்மார்க்கில் ஹென்ரிக் கெலட் 1990-களிலிருந்தே கேட்டுவந்த கேள்வி இதுதான். அறுவை முடிந்தவர் இன்றைக்கு ஏன் மருத்துவமனையில் இருக்கிறார் என்று ஒவ்வொரு நாளும் கேள், காரணத்தைக் கண்டுபிடித்து அதைத் தீர் என்பது அவர் வழி. பெரும்பாலும் காரணம் வலியாகவும் குமட்டலாகவும் இருந்தது. கீறலின் நீளமாக இருக்கவில்லை.

2008-ல் சிட்னியிலிருந்து டென்னிஸ் கெர், லாரன்ஸ் கோஹன் இருவரும் 325 நோயாளிகளின் அனுபவத்தை எழுதினார்கள். அவர்கள் செய்தது இவ்வளவே: மரத்துப்போகும் மருந்து, வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, கொஞ்சம் அட்ரினலின் ஆகியவற்றைக் கலந்து, தையல் போடுவதற்கு முன் மூட்டைச் சுற்றி எல்லாத் திசுவிலும் ஊசியால் ஏற்றிவிட்டார்கள். வலி அடங்கியது, சில மணி நேரத்தில் எழுந்து நின்றார்கள். பெரும் செலவில்லை, புதுக் கருவி இல்லை, விற்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ அதற்குச் சாலையோரப் பலகை யாரும் வைக்கவில்லை.

அதோடு, ஜப்பானின் ஒகமோடோ தம்பதியர் 1962-ல் அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம் முழங்கால் தியேட்டருக்குள் மெல்ல வந்தது. ரத்தக் கசிவு குறைந்தது. வீக்கம் குறைந்தது. பெரிய கீறல் போட்டவரும் மறுநாள் காலைத் தூக்கினார்.

2010-க்குப் பிறகு காய்ச்சல் இறங்கியது. நான்கு அங்குலப் பந்தயம் ஓய்ந்தது. ஆனால் பத்து அங்குலமும் திரும்பி வரவில்லை. குட்டைக் கருவிகள் நிலைத்தன. ஐந்தாறு அங்குலக் கீறல் பல தியேட்டர்களில் சாதாரணமாயிற்று. முக்கியமாக, சில்லைப் புரட்டும் பழக்கத்தைப் பலர் விட்டுவிட்டார்கள். ஒதுக்கி வைத்தாலே போதும் என்று கண்டுகொண்டார்கள். ரெபிச்சி பஃபலோவில் மூன்று அங்குலத்தில் செய்து காட்டியதில் உருப்படியாக மிஞ்சியது இதுதான் என்பது என் கணிப்பு. ஊர் முழுக்க நீளத்தைப் பற்றிப் பேசியது, அவரோ ஆழத்தில் இருந்த நாணைத் தொடாமல் விட்டிருந்தார்.

கோணல் யாருடையது?

ஒரு கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

சிறு கீறலில் மூட்டு கோணலாக உட்கார்ந்தது, சரி. பெரிய கீறலில்? எல்லாம் கண்முன் விரிந்து கிடக்கும் அந்தப் பழைய முறையில் எல்லாம் நேராகவா உட்கார்ந்தது?

2007-ல் அமெரிக்காவில் போஹானன் மேசன் என்ற மருத்துவரும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில், பழகிய கையால், கண்ணாலும் அச்சாலும் அளந்து செய்த முட்டிகளில் மூன்று பாகைக்கு மேல் பிசகியவை 31.8 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒன்று! அதே தொகுப்பில் இன்னொரு வரிசையும் இருந்தது. அதில் பிசகியவை 9 சதவீதம்தான். அந்த இரண்டாவது வரிசையில் எலும்பை வெட்டும் திசையை மருத்துவரின் கண் தீர்மானிக்கவில்லை.

அந்த வேலையை வேறொன்று செய்தது. அதன் தொடக்கத்தைத் தேடினால் 1997 ஜனவரிக்குப் போக வேண்டும். பிரான்சில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்து கிரெனோபிள் நகரில், டொமினிக் சாராகாலியாவும் ஃபிரெடெரிக் பிகார்டும் ஒரு நோயாளியின் தொடை எலும்பிலும் முன்கால் எலும்பிலும் சிறு குறிகளைத் திருகி, தியேட்டருக்குள் ஒரு அகச்சிவப்புக் கேமராவை நிறுத்தினார்கள். ஜன்னல் சிறியதா பெரியதா என்று அமெரிக்கா அடித்துக்கொள்வதற்கு ஐந்து ஆண்டு முன்பே, ஜன்னல் வழியே பார்ப்பதையே அவர்கள் சந்தேகித்திருந்தார்கள்.

அப்படியிருந்தும், அந்தக் கேமராவைப் பெரும்பாலான தியேட்டர்கள் உள்ளே விடவில்லை. ஏன்?

(தொடரும்)